ஏட்டுக்கு ஒரு நிலவறை

"ஆண்டிபட்டி வட்டம், ஓடைக்கரைப்பட்டி கிராமம், பெரியமாயன் மகன் ஒச்சாண்டி, வயது 57 என்பவர், மேற்படி கிராமத்தில் தனக்குச் சொந்தமான புன்செய் நிலத்தில், உரிய அனுமதி ஏதும் பெறாமல், வணிக நோக்கில் நிலத்தடி நீரை எடுக்கும் பொருட்டுத் திறந்தவெளிக் கிணறு அகழ்ந்து வருபவர் ஆவார்."

அரசாங்கக் கடிதத்தின் இந்த ஒரு வாக்கியத்தில் ஊர் சரி, அப்பன் பேர் சரி, வயது ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். மிச்சமெல்லாம் தலைகீழ். ஒச்சாண்டி தோண்டியது கிணறு அல்ல. நிலத்தடி நீர் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அது எங்கே வந்து தொலைத்துவிடுமோ என்பதுதான் அவருடைய கவலையே. வணிக நோக்கைப் பொறுத்தவரை, அதை அவருக்கு யாராவது இந்த வயதிலாவது கற்றுக்கொடுத்தால் அந்த ஆளுக்குக் கோழியடித்துக் குழம்பு வைக்க அவர் மனைவி ராமுத்தாய் தயாராக இருந்தாள்.

அவர் தோண்டியது நாய்க்கு. அதை யாரும் நம்பாததற்கு அவருடைய தொழில்தான் காரணம்.

ஒச்சாண்டி நீரோட்டம் பார்ப்பவர். உரித்த தேங்காயைக் குடுமியோடு உள்ளங்கையில் படுக்கவைத்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, காட்டின் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். ஓரிடத்தில் தேங்காய் மெல்ல எழுந்து நிற்கும். அங்கே ஒரு கல்லை வைப்பார். பிறகு ஆழ்துளை போடும் போர்வண்டி வந்து அந்தக் கல் இருந்த இடத்தில் பூமியைக் குடையும். பத்துக்கு ஆறு இடத்தில் தண்ணீர் வந்திருக்கிறது. வராத நாலு இடத்திலும், தான் வைத்த கல்லிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்பது அவர் கட்சி. எழுந்து நிற்பது தேங்காயா, தன் கைதான் அதைத் தூக்குகிறதா என்பது முப்பது வருஷமாக அவருக்கே தெரியாது. முதன்முதலில் தேங்காய் நின்றபோது பயந்துபோய்க் கீழே போட்டார். அது உடைந்து அன்று சட்னிக்கு ஆனது. போட்ட இடத்தில் தண்ணீரும் வந்தது.

வைகை அணையில் தண்ணீர் நிற்பது ஓடைக்கரைப்பட்டியில் மாடி ஏறினால் தெரியும். தெரிவதோடு சரி. அப்படிப்பட்ட ஊரில் நீரோட்டம் பார்ப்பவருக்கு மரியாதை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த மரியாதைக்கு ஒரு விலையும் இருந்தது. நீரோட்டம் பார்ப்பவன் தன் சொந்த நிலத்தில் பார்க்கக் கூடாது. பார்த்தால் கைராசி போய்விடும். அது அந்தத் தொழிலின் சட்டம். யார் போட்டது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, மீறினவனையும் யாரும் பார்த்ததில்லை. அதனால் ஊருக்கெல்லாம் தண்ணீர் காட்டிய ஒச்சாண்டியின் இரண்டு ஏக்கரில் மட்டும் மானாவாரியாகக் கொள்ளுப் பயறும் துவரையும்தான் விளைந்தன. ஊர் இதை ஒரு தியாகமாக வைத்துப் போற்றியது. ராமுத்தாய் வேறு பேர் வைத்திருந்தாள்.

நாயின் பேர் ஏட்டு. போலீஸ் ஏட்டு மாதிரி காக்கி நிறம் என்பதால் வந்த பேர். நாலு வருஷத்துக்கு முன் ஓர் ஆட்டு மந்தையின் பின்னால் வந்தது. மந்தை போய்விட்டது, இது தங்கிவிட்டது. சோறு போட்டவள் ராமுத்தாய். அது பின்னால் சுற்றியதோ ஒச்சாண்டியை. அவர் அதைத் தடவிக்கொடுத்ததில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டதுகூட இல்லை. "சீ", "போ" என்ற இரண்டு சொற்களில் நாலு வருஷத்தை ஓட்டியிருந்தார். அந்த இரண்டையும் அது பாராட்டாக எடுத்துக்கொண்டது.

துவரைக் காட்டுக்குள் புகுந்த பன்றியை ஒற்றையாக ஓடை தாண்டி விரட்டிய நாய் அது. வெடிச்சத்தம் கேட்டால் மட்டும் அதற்கு உயிர் உடம்பில் நிற்காது. ஒச்சாண்டியின் வீடோ மயானச் சாலையில் கடைசி வீடு. அந்தப் பக்கத்தில் யார் செத்தாலும் பாடைக்கு முன்னால் சரவெடி போடுவார்கள். போனவரின் மரியாதை வெடியின் நீளத்தில் இருக்கிறது. எல்லா நீளமும் ஒச்சாண்டியின் வாசலைக் கடந்துதான் மயானத்துக்குப் போக வேண்டும்.

முதல் வருஷம் ஏட்டு கட்டிலுக்கடியில் கிடந்து நடுங்கியது. அடுத்த வருஷம் பூட்டிவைத்தார்கள். கதவுப் பலகையைக் கடித்துப் பிளந்து வாயெல்லாம் ரத்தமாக வெளியே வந்தது. அதற்கடுத்து சரக்கு ஆட்டோவில் ஏற்றி வடுகபட்டியில் ராமுத்தாயின் தங்கை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். வளைவில் குதித்துக் காலை ஒடித்துக்கொண்டது. வடுகபட்டியிலும் ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதால் அந்த யோசனை அத்தோடு போனது. கடைசியாகப் போன மாசியில் ஒரு சாவுக் கேதத்து வெடிக்கு ஓடிய நாய் ஒன்பது நாள் கழித்து அணைக்கட்டுப் பூங்கா வாசலில் கிடைத்தது. எலும்பும் தோலுமாக, ஒரு காது கிழிந்து.

கால்நடை டாக்டர் ஸ்டான்லி அதன் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். தேனிக் கடைவீதியில் பாத்திரக்கடைக் குடும்பம். எதையும் தட்டிப் பார்த்துத்தான் சொல்வார்.

"பயத்துக்கு ஊசி கெடையாதுய்யா. மாத்திரை தரலாம், ஆனா வெடிக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே குடுக்கணும்."

"யாரு எப்பச் சாவாகன்னு எனக்கு எப்பிடி டாக்டர் தெரியும்?"

"அதான் சொல்றேன். இன்னொரு தடவ இப்பிடி ஓடுச்சுன்னா திரும்பி வராது. ஓடலேன்னா இதயம் நின்னுரும். இருட்டா, சத்தம் எட்டாத எடமா ஒண்ணு இருந்தாப் பொழைக்கும். பூமிக்குள்ள அஞ்சாறு அடியில சத்தம் அடங்கிரும்."

விளையாட்டாகச் சொன்னாரா என்று டாக்டருக்கே நினைவிருக்காது. ஒச்சாண்டி வீட்டுக்கு வந்து கடப்பாரையைத் தேடினார்.

முப்பது வருஷமாக மற்றவர்களுக்கு எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டியவர், தன் கையால் ஒரு முழம் தோண்டியதில்லை. ஒரு நாய்க்காக ஏன் தோண்டக் கிளம்பினார்? ராமுத்தாய் கேட்டாள்.

"மழைக்கு ஒழுகுற அடுப்படிக்கு ஓடு மாத்த இத்தனை வருசமா நேரமில்ல. நாயிக்கு பங்களாவா?"

"பங்களா இல்ல. பூமிக்குள்ள."

"அப்ப சமாதியா?"

"ஒனக்குச் சொன்னா வெளங்காது."

"ஒங்களுக்கு வெளங்குச்சா?"

அவர் யோசித்தார். விளங்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது: குழி காய்ந்து கிடக்க வேண்டும். ஈரம் கசிந்தால் நாய் தங்காது. ஆகவே தண்ணீர் அறவே இல்லாத இடமாகப் பார்க்க வேண்டும். அதற்கு அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சொந்த நிலத்தில் தண்ணீர் இருக்கும் இடத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் சட்டம். இல்லாத இடத்தைப் பார்க்கக் கூடாது என்று எவனும் சொல்லவில்லை. இந்த நியாயம் அவருக்கே கொஞ்சம் இடித்தது என்பதால், ஆள் நடமாட்டம் தொடங்குமுன் விடிகாலையில் தேங்காயோடு வீட்டை ஒட்டிய நிலத்தில் இறங்கினார்.

தேங்காய் சில இடங்களில் சிலிர்த்தது. அங்கிருந்தெல்லாம் ஒதுங்கி நடந்தார். கிழக்கு வேலி ஓரத்தில் ஓரிடத்தில் அது செத்த எலியைப் போலக் கிடந்தது. மூன்று முறை போய் வந்தார். அசையவில்லை. சந்தோஷமாக ஒரு கல்லை எடுத்து வைத்தார்.

"என்ன மாமா, பொழுது விடிய முன்னாடி தேங்காயும் கையுமா?"

வேலிக்கு அந்தப் பக்கம் சுரேஷ்கண்ணன். பத்து வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து முருங்கை போட்டிருப்பவன். முறைக்கு மாப்பிள்ளை.

"சும்மா நடந்தேன் மாப்ள."

"தேங்காயோடயா?"

"ஆமா."

"அந்தக் கல்லு?"

"எந்தக் கல்லு?"

"ஒங்க காலுக்குக் கீழ இருக்கே, அது."

பொய் சொல்ல வராத மனிதர். "தண்ணி இல்லாத எடம்னு அடையாளத்துக்கு வச்சேன்."

"தண்ணி இல்லாத எடத்துக்கு யாரு மாமா கல்லு வைப்பாக? அப்பிடிப் பாத்தா ஆண்டிபட்டி தாலுகா பூராவும்ல கல்லு நட்டு வைக்கணும்!"

அன்று மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒச்சாண்டி சட்டத்தை மீறிவிட்டார். முப்பது வருஷம் கட்டிக்காத்த கைராசியைப் பணயம் வைத்து ஒரு மனுஷன் சொந்த நிலத்தில் பார்க்கிறான் என்றால் அடியில் ஓடுவது என்ன சாதாரண ஊற்றாகவா இருக்கும்? அவர் "நாயிக்குய்யா" என்று சொல்லச் சொல்ல, ஊற்றின் அளவு பெரிதாகிக்கொண்டே போனது. இவ்வளவு பெரிய பொய் சொல்ல வேண்டுமானால் இவ்வளவு பெரிய தண்ணீராவது இருக்க வேண்டும்.

எட்டடி நீளம், நாலடி அகலம், ஆறடி ஆழம் என்று கணக்கு. மேலே செம்மண், மூன்றடிக்குக் கீழே சுக்கான் பாறை. கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். இந்த வேலைக்கு அவர் வைத்திருந்த கெடு ஒரு விசித்திரமான கெடு. மேலத்தெருத் தங்கப்பாண்டியன், வயது தொண்ணூற்றொன்று, கார்த்திகையிலிருந்து படுக்கையில் இருந்தார். அவர் பிள்ளைகள் சிவகாசி போய் வெடி வாங்கி அட்டாலிப் பரணில் ஏற்றிவைத்துவிட்டதும் ஊரறிந்த சேதி. பத்தாயிரம் வாலா, எட்டுக் கட்டு. இதுவரை அந்தச் சாலையில் போன எந்தப் பிணத்துக்கும் கிடைக்காத மரியாதை.

"வெடி வேணாம்னு அவுக மக்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்" என்றாள் ராமுத்தாய்.

"உசுரோட இருக்குற மனுசன் கேதத்துக்கு வெடி வேணாம்னு எப்பிடிப் போய்க் கேக்க?"

"அப்ப செத்த பெறகு கேளுங்க."

"செத்த பெறகு கேட்டா வெட்டிப்புடுவாக."

ஆகவே அவர் தினமும் காலையில் மேலத்தெருவுக்குப் போய்ப் பெரியவரின் உடம்பை விசாரித்தார். மருமகள் "ரெண்டு இட்லி சாப்பிட்டாக" என்றால் அன்று கொஞ்சம் நிதானமாகத் தோண்டுவார். "கஞ்சித் தண்ணிதான் எறங்குது" என்றால் இருட்டும்வரை கடப்பாரை நிற்காது. தங்கப்பாண்டியன் நீடூழி வாழ வேண்டும் என்று அவர் பெற்ற பிள்ளைகளைவிட உண்மையாக விரும்பிய ஒரே ஆள், அவர் சாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒச்சாண்டிதான்.

ஒருநாள் பெரியவர் கண்ணைத் திறந்தார்.

"ஏலே ஒச்சாண்டி, தெனம் வர்றியாமே. ஊத்துக் கண்ணு தெறந்துருச்சா?"

"ஊத்து இல்லய்யா. நாயிக்கு ஒரு அறை தோண்டுறேன்."

"ஏங்கிட்டயுமாலே மறைக்குற? நான் என்ன போயி ஊர்ல சொல்லவா போறேன்?" பெரியவர் இருமினார். "என் கெணத்துக்கு நீதானலே கல்லு வச்ச. ஒன் நெலத்துத் தண்ணியில ஒரு மடக்கு குடிச்சிட்டுத்தான் நான் போவேன். அது வர நான் எங்கயும் போறதா இல்ல."

வெளியே வந்த ஒச்சாண்டிக்கு இதைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. வராத தண்ணீருக்காகக் காத்திருப்பவருக்குச் சாவும் வராது என்று கணக்குப் போட்டால் நல்லதாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு மனிதன் உயிரைப் பிடித்துவைத்திருக்கும் ஆசை பொய்யானது என்பதும் உறுத்தியது. இட்லி நாளா கஞ்சி நாளா என்று மருமகளிடம் கேட்க அன்று மறந்துபோனது.

எல்லோரும் தண்ணீர் தண்ணீர் என்றதில் அவருக்கே சந்தேகம் தட்ட ஆரம்பித்தது. ராமுத்தாய் மண் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "கட்டுனவகிட்டயாவது உண்மையச் சொல்லுங்க. எத்தனை அடியில இருக்கு?" என்று கேட்டாள். அன்று ஐந்தாவது அடியில் மண் ஈரமாகத் தட்டுப்பட்டது. அது ஊற்றா, தன் வியர்வையா என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. நிம்மதியாக அடுத்த கூடையை நிரப்பினார்.

குழி முடிந்ததும் வந்த சாமான்கள்தான் அவரைக் கவிழ்த்தன. நாய் இறங்கிப் போகச் சரிவான வழி வேண்டும். அதற்குக் கிணற்றில் இறக்கும் வட்டச் சிமென்ட் உறைகள் மூன்றை வாங்கி வந்து படுக்கவைத்துச் சுரங்கம் போலச் சேர்த்தார். காற்றுப் போக இரண்டு பிவிசி குழாய். மேலே மூடப் பலகைக் கல். கிணற்று உறையும் குழாயும் மாட்டுவண்டியில் ஊருக்குள் வந்ததை இருபது பேராவது பார்த்தார்கள். உறையைப் படுக்கவைத்ததை யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கிராம நிர்வாக அலுவலர் யுவராணி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். கம்பத்துக்காரப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம். கையில் அந்தக் கடிதம்.

"ஐயா, ஒங்க மேல மனு வந்துருக்கு. கெணறு எங்க?"

"கெணறு இல்ல தாயி. நாய் வீடு."

"பூமிக்கு அடியிலயா?"

"வெடிக்குப் பயப்படுது தாயி."

யுவராணி குழியைச் சுற்றி வந்தார். உறைக்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். கையிலிருந்த படிவத்தில் குடிநீர், விவசாயம், தொழில், இதர என்று நாலு கட்டங்கள்.

"இதுல நான் என்னன்னு எழுதுறது? தண்ணி எங்கய்யா?"

"தண்ணி இல்லேன்னுதான தாயி இந்த எடத்துல தோண்டுனேன்."

"அறைன்னு எழுதுனா ஊராட்சியில கட்டட அனுமதி எங்கேம்பாக. குழின்னு எழுதுனா எதுக்குக் குழிம்பாக. நாயிக்குன்னு எழுதுனா என்னைய ஒரு மாதிரி பாப்பாக." பேனாவை மூடினார். "சரி, நாயக் கூப்புடுங்க. உள்ள போறத ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். அத வச்சு நான் பேசிக்கிறேன்."

நியாயமான பேச்சு. ஒச்சாண்டி நாயைக் கூப்பிட வாயெடுத்தார். "சீ", "போ" இரண்டும் இதற்கு உதவாது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக "ஏட்டு" என்றார். நாய் எழுந்து வந்தது. உறையின் வாயில் மூக்கை வைத்து மோந்தது. உள்ளே பார்த்தது, அவரைப் பார்த்தது, அதிகாரியைப் பார்த்தது. பிறகு உறையின் மீது காலைத் தூக்கி ஒன்றுக்குப் போய்விட்டு, சுள்ளென்ற வெயிலில் போய்ப் படுத்துக்கொண்டது.

"ஏழு நாளைக்குள்ள எழுத்து மூலமா வெளக்கம் குடுத்துருங்கய்யா" என்று சொல்லி யுவராணி ஸ்கூட்டியைக் கிளப்பினார். சிரிப்பை அடக்கிக்கொண்டாரா, இரக்கப்பட்டாரா என்று ஹெல்மெட்டுக்குள் தெரியவில்லை.

விளக்கத்தைவிட ஒச்சாண்டியை வாட்டியது வேறு. நாய் உள்ளே போகவில்லை. ஆட்டெலும்பை உள்ளே போட்டார். ஏட்டு வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்து எச்சில் ஊறிக் காத்திருந்ததே தவிர ஒரு காலை உள்ளே வைக்கவில்லை. எறும்பு தின்றது. சாக்கு விரித்தார், அது படுக்கும் பழைய வேட்டியைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. இருபத்தாறு நாள் உழைப்பு. யாருக்காக உழைத்தாரோ அதற்கு மட்டும் அதில் அக்கறை இல்லை. மேலத்தெருவில் அன்று கஞ்சிகூட இறங்கவில்லை என்றார்கள்.

உச்சி வெயிலில், அலுப்போடும் கோபத்தோடும், அவரே உறைக்குள் தவழ்ந்து போய் உள்ளே படுத்தார். குளுமையாக இருந்தது. சாலையில் போன பஸ்ஸின் ஹாரன் எங்கோ அடுத்த ஊரில் கேட்பது போலிருந்தது. கண்ணசந்துவிட்டார். விழித்தபோது காலில் பாரம். ஏட்டு அவர் முழங்காலில் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அவர் வெளியே வந்தார். அது வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனார், அதுவும் போனது. மூன்று முறை செய்து பார்த்துவிட்டு ராமுத்தாயிடம் போய்ச் சொன்னார்.

"நானும் உள்ள இருந்தாத்தான் அது இருக்கும் போலருக்கு."

"நல்லதாப் போச்சு. ரெண்டு பேருக்கும் சோத்த அங்கனயே கொண்டாந்து வச்சுர்றேன்."

எட்டடி நாலடியில் நாய்க்குத் தாராளம். கூட ஓர் ஆளும் படுத்தால் அகலம் போதாது. பெரிதாக்கலாமா என்று அவர் முழக்கோலை எடுத்துக்கொண்டிருந்த வியாழக்கிழமைக் காலையில்தான் சுரேஷ்கண்ணன் நிலத்துக்குள் போர்வண்டி நுழைந்தது. வேலியிலிருந்து இரண்டே அடி தள்ளி நிறுத்தினார்கள்.

ஒச்சாண்டி ஓடினார். "மாப்ள, வேணாம்டா! தாலுகாவுலயே காஞ்ச எடம் இதுதான். தேங்கா செத்த எலியாட்டம் கெடந்துச்சு. ஒன் காசு மண்ணாப் போகும்!"

"மாமா, ஒளிவு மறைவு இல்லாமப் பேசிருவோம்" என்றான் சுரேஷ்கண்ணன். "ஒங்க மேல மனுப் போட்டது நாந்தான். தப்பா நெனைக்காதீக. வண்டி வர ஒரு வாரம் ஆகும்னுட்டாக, அதுக்குள்ள நீங்க தண்ணிய எடுத்துட்டா நான் என்ன செய்ய? அதான் ஒரு மனு. இப்ப ஒங்களுக்கும் சேத்துத்தான் போடுறேன். ஊத்து ரெண்டு பேருக்கும் பொது."

"ஊத்தே இல்லடா!"

"இதத்தான மாமா ஒரு மாசமாச் சொல்றீக" என்று அன்போடு அவர் தோளில் தட்டிவிட்டு, வண்டிக்காரருக்குக் கை காட்டினான்.

வண்டி இரைந்த இரைச்சலில் முருங்கை மரங்கள் நடுங்கின. ஒச்சாண்டி பதறிப்போய் நாயைத் தேடினார். ஏட்டு அந்த வண்டியின் பின்சக்கரத்தை ஒட்டி நிழலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஆயிரம் வெடிக்குச் சமமான சத்தத்தில், வாயைப் பிளந்து, ஒரு காதை மண்ணில் போட்டுக்கொண்டு. இதற்கு டாக்டர் ஸ்டான்லியிடமும் பிற்பாடு விளக்கம் கிடைக்கவில்லை.

முன்னூறடி வரை வெறும் புகை. சுரேஷ்கண்ணனின் முகம் வெளுத்தது. ஒச்சாண்டி அவனுக்காக வருத்தப்பட்டார். உள்ளுக்குள் தன் தேங்காய்க்காகக் கொஞ்சம் பெருமையும் பட்டார். முன்னூற்று நாற்பதாவது அடியில் புகை நின்றது. பூமி ஒருமுறை விக்கியது. பிறகு சேறும் தண்ணீரும் பனை உயரத்துக்கு எழுந்து எல்லோர் தலையிலும் கொட்டியது.

பெண்கள் குலவையிட்டார்கள். சுரேஷ்கண்ணன் வேலியைத் தாண்டி வந்து நெடுஞ்சாண்கிடையாக ஒச்சாண்டியின் காலில் விழுந்தான். யாரோ மாலை வாங்க ஓடினார்கள். சத்தம் கேட்டு வந்த யுவராணி, சேறு வழியும் முகத்தோடு நின்ற ஒச்சாண்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லய்யா" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. ஒச்சாண்டி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காய் கிடந்த இடத்தில் தண்ணீர் என்றால், தேங்காய் நின்ற இடத்தில் அவர் இத்தனை வருஷம் காட்டிக்கொடுத்தது எதை?

யோசிக்க அவகாசமில்லை. அவர் நிலம் ஒரு முழம் தாழ்வு. சேற்றுத் தண்ணீர் வேலிக்கடியில் புகுந்து, சரிவைக் கண்டுபிடித்து, படுக்கவைத்த உறைகளின் வழியாக, இதற்காகவே கட்டிய வாய்க்கால் போல, அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கத்தியது குலவையில் யாருக்கும் கேட்கவில்லை.

தண்ணீர் தெளிந்ததும், பெரியவரின் ஆசையைக் கேள்விப்பட்டிருந்த சுரேஷ்கண்ணன் ஒரு சொம்பில் பிடித்துக்கொண்டு மேலத்தெருவுக்கு ஓடினான். தடுக்க நினைத்த ஒச்சாண்டிக்கு எந்தக் காரணத்தைச் சொல்லித் தடுப்பது என்று தெரியவில்லை. தங்கப்பாண்டியன் ஒரு மடக்குக் குடித்தார். "உப்பில்ல" என்றார். இன்னொரு மடக்குக் குடித்தார். பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மறுநாள் மூன்று மணிக்கு எடுப்பதாகச் சேதி வந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து ஒச்சாண்டியும் ராமுத்தாயும் வாளியில் தண்ணீர் இறைத்தார்கள். மாலை போட்டுப் பார்க்க வந்தவர்கள், சொந்த ஊற்றை ஒரு மனிதர் வாளி வாளியாக அள்ளி வெளியே கொட்டுவதைப் பார்த்து ஒன்றும் விளங்காமல் திரும்பிப் போனார்கள். தண்ணீர் போய்விட்டது. சேறு போகவில்லை. சாக்கும் பழைய வேட்டியும் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை.

"அந்தச் சேத்துக்குள்ள அது எறங்குமா?" என்றாள் ராமுத்தாய்.

"தெரியல."

"நீங்க கேதத்துக்குப் போகலேன்னா ஊரு என்ன சொல்லும்? தெனம் போயிப் பாத்த மனுசன்."

"என்ன வேணாச் சொல்லட்டும்."

"ஏங்க, ஒரு நாயிக்கா?"

"தெரியலங்கிறேன்ல!"

மூன்றே கால் ஆகும்போது மேலத்தெரு முக்கில் முதல் சரம் வெடித்தது. வாசலில் படுத்திருந்த ஏட்டு எழுந்தது. நாலு காலும் வெவ்வேறு திசையில் நடுங்கின. கிழக்கே பார்த்தது, அணைக்கட்டுப் பக்கம். ஒச்சாண்டி அதைக் கூப்பிடவில்லை, பிடிக்கவும் போகவில்லை. சட்டையைக் கழற்றித் திண்டில் போட்டுவிட்டு விறுவிறுவென்று வேலியோரம் நடந்தார். மண்டி போட்டு உறைக்குள் நுழைந்தார். உள்ளே இருட்டில் உட்கார்ந்ததும் சேறு இடுப்புவரை ஏறியது. திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தார். அடுத்த சரம் பக்கத்தில் வந்து வெடித்தது. உறைக்குள் நகம் பிறாண்டும் சத்தம் கேட்டது.

அன்று நாலே முக்கால் வரை, எட்டுக் கட்டு வெடியும் தீர்ந்து கூட்டம் மயானத்துக்குள் போகும்வரை, ஒச்சாண்டி இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்து, நாயை மடியில் வைத்து, அதன் இரண்டு காதுகளையும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார்.